நாலும் ஒன்றும்

வேலணையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பதினாலு கிலோமீற்றர்.
போக ஒருக்கால், வர ஒருக்கால்,
இரவு டியூட்டிக்கு ஆள் வராவிட்டால் அந்தரத்தில் இன்னொருக்கால்.
இதற்கேன் உனக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று
எக்ஸ்ரே அறையில் எல்லோரும் கேட்டாயிற்று.
இரண்டே இருக்கை, நிலத்தோடு படுத்த வயிறு.
வேகத்தடைக்கு முன் நான் மூச்சை உள்ளே இழுப்பேன்,
அதுவும் இழுக்கும் என்ற நம்பிக்கையில்.

ஐப்பசியின் இரண்டாம் மழை. பண்ணைப் பாலம் தாண்ட
ஒரு ஆடு.
பிறேக்கை மிதித்தேன். கார் யோசித்தது.
அந்த யோசனையின் நீளம் ஒரு லொறி அளவு.
ஆடு கடலைப் பார்த்தபடியே நின்றது,
தப்பியது தான்தான் என்று தெரியாமல்.

ஆக, ஸ்ரான்லி வீதி, றெஜினோல்ட் கடை.
பின் ரயரின் வெட்டுக்குள் ஒரு ரூபாய்க் குத்தியை நிறுத்தினார்.
நிற்கவில்லை.
"அக்கா, இதில ஓடினது நீங்களில்லை, உங்கட விதி."

அவர் உருட்டி வந்த முதலாவது,
நகம் பட்டால் தடம் விழும் மென்மை.
வளைவில் தாரைத் தோலோடு பிடிக்குமாம்.
மணிக்கு இருநூற்றெழுபது தாங்குமாம்.
பண்ணையில் எனக்கு முன்னால் தினமும் போவது
பாட்டுப் போட்ட ஐஸ்கிறீம் வான்.
"எவ்வளவு காலம் வரும்?"
"ஆசை தீருமட்டும்," என்றார். "பதினைஞ்சாயிரம் கிலோமீற்றர்."
ஒன்றரை வருடம். இரண்டு மாதச் சம்பளம்.

இரண்டாவது கல்.
எண்பதாயிரம் ஓடும், மழையைக் கண்டால் மட்டும்
கடன் கேட்ட சொந்தக்காரர் மாதிரி
கையை விரித்துவிடும்.

மூன்றாவதின் முன்னால் குந்தினேன்.
நடுவில் நாலு ஆழமான வாய்க்கால், தண்ணீரை விலத்த.
ஓரத்தில் அகலக் கட்டைகள், வளைவில் சாய.
விறைப்புமில்லை, குழைவுமில்லை.
மண்கும்பான் மணல், உப்புக் காற்று, அல்லைப்பிட்டிக் குழி,
முழங்கால் உடைந்தவன் படமெடுக்கக் காத்திருக்கும் காலை ஏழு மணி,
இத்தனையையும் ஒரே கறுப்பில் வெட்டியவர் யாரோ
மழைக்குள் வேலைக்கு ஓடியவராகத்தான் இருக்கவேண்டும்.
"இதில நாலு."

பக்கச் சுவரில் இலக்கம் தேடினேன்.
முதலிரண்டும் கிழமை, பின்னிரண்டும் வருடம்.
புதியது. ஏமாற்றில்லை.

அதற்குள் பெடியன் டிக்கியைத் திறந்து
ஸ்பெயார் ரயரை இறக்கிவிட்டான்.
நிலம் தொடாத ரயர்.
வார்ப்பில் வந்த றப்பர் மயிர்கூட உதிரவில்லை.
அதிலும் நாலு இலக்கம்:
இரண்டு, சுழி, சுழி, ஒன்பது.

வருடம் என்று வாசித்தேன்.
பிறகு முறைப்படி வாசித்தேன்.
ஒன்பதாம் ஆண்டு, இருபதாம் கிழமை.

எங்கோ ஜப்பானில் ஒரு அச்சுத் திறந்திருக்கிறது.
சூட்டோடு இது உருண்டு வந்திருக்கிறது.
யாரோ தட்டிப் பார்த்து, சரி, என்று அடுக்கியிருக்கிறார்.
அந்தக் கிழமை எங்களுக்குத் தண்ணீர் கிடைத்தது
வியாழனா வெள்ளியா என்று
தங்கச்சிக்கும் எனக்கும் இன்னும் வழக்கு.
அவள் வெள்ளி என்பாள்.

"இது சரிவராது அக்கா," என்றான் பெடியன்.
"ஓடவேயில்லையே?"
"ஓடாட்டிலும் றப்பருக்கு வயசு போகும்."
பெருவிரலால் சுவரை மடித்துக் காட்டினான்.
மயிரிழை வெடிப்புகள்,
நான் வெளிச்சப் பெட்டியில் தேடுகிற மாதிரி.

குறிகட்டுவான் பக்கம் கொண்டுபோவார்களாம்,
படகு துறையில் மோதாமல் கட்ட.
கொடுத்தேன். விலை கேட்கவில்லை.
புதிய ஸ்பெயார் கொழும்பிலிருந்து புதன்கிழமை.
அதுவரை அந்த வட்டக் குழிக்குள்
திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய மூன்று கிலோ வெங்காயம்.

"முதல் நூற்றைம்பது கிலோமீற்றர் மெதுவா ஓடுங்கோ,
அச்சு எண்ணெய் போகுமட்டும் வழுக்கும்."
ஐஸ்கிறீம் வானுக்குப் பின்னால்
முப்பத்தைந்தில் போனேன்.
தூறல். பாலத்தில் சும்மா ஒருமுறை
பிறேக்கை மிதித்துப் பார்த்தேன்.

நின்றது.
பின்னால் வந்த பஸ்தான் கத்தியது.