கொடுக்கப்படவில்லை

காலை ஐந்து ஐம்பது.
எங்கள் வார்டு மருந்து வண்டிக்கு
ஒரு சக்கரம் சரியில்லை;
அது வருவது தூங்குகிறவர்களுக்கும் தெரியும்.
நான் இரண்டாம் ஆண்டு. பேட்ஜில் நிலோஃபர்.
கட்டில்களுக்கு, "ஏம்மா, ஸ்டூடண்ட்டு."

சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு,
சரியான வழி, சரியான நேரம்.
தேர்வுக்கு முந்தின நாள்
ஐந்து விரலிலும் பேனாவால் எழுதிப் படித்தேன்.
கையுறை மாட்டினால்
எல்லாம் உள்ளே போய்விடுகிறது.

பதினெட்டாம் கட்டில். பெயர் கேட்கிறேன்.
"நேத்தும் கேட்ட. முந்தாநேத்தும் கேட்ட.
ராவோட ராவா பேர மாத்திக்குவனா?"
சொல்லுங்க.
"தேசப்பன். காசிமேடு. போட்டு இன்ஜின் மெக்கானிக்."
மணிக்கட்டுப் பட்டையும் அதையே சொல்கிறது,
இன்ஜினைத் தவிர.

டிகாக்சின். கால் மில்லிகிராம்.
மிளகைவிடச் சின்னது.
இதயத்திடம் போய்
மெதுவாக அடி, ஆனால் அழுத்தி அடி
என்று சொல்வது இதன் வேலை.
காக்கும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் நடுவே
மின்சார ரயில் வாசலில் தொங்குகிறவனுக்கும்
கம்பத்துக்கும் உள்ள இடைவெளி.

அதனால் முதலில் எண்ண வேண்டும்.
மணிக்கட்டில் அல்ல, மார்பில்.
பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவதல்ல,
முழு நிமிடம்.
அறுபதுக்குக் கீழே போனால் கொடுக்காதே.

ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் சூடாக்கி வைக்கிறேன்.
"இன்னாம்மா, நைட்டு லைட்ட மாத்திட்டாங்களா?"
பேசாதீங்க, எண்ணிக்கிட்டிருக்கேன்.
"இல்ல, டியூப்லைட்டு மஞ்சளா கீது. அதான்."

முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.
எண்ணிக்கை தவறவில்லை. நான்தான் தவறி விழுந்தேன்,
மார்ச் மாத வினாத்தாளுக்குள்:
நச்சு அறிகுறிகள் ஏதேனும் நான்கு, இரண்டு மதிப்பெண்.
குமட்டல், பசியின்மை, நாடி குறைதல்.
நாலாவது அன்றைக்கு வரவில்லை.
இடம் விட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

நாற்பத்தெட்டு.
மறுபடி எண்ணினேன். நாற்பத்தேழு.
இமையை இழுத்துப் பார்த்தேன்;
வெண்விழி வெள்ளையாகத்தான் இருந்தது.
மஞ்சள் கண்ணில் இல்லை, பார்வையில்.
ராத்திரி சாப்பிட்டீங்களா?
"எங்க? ரெண்டு நாளா கொமட்டிக்கினே கீது.
எல்லாம் உங்க ஆஸ்பத்திரி உப்புமா."

மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டேன்.
"இன்னா, குடுக்கலியா?
மாத்திர குடுக்காத நர்ஸு இன்னா நர்ஸு?"
அந்தக் கேள்வி எந்த அத்தியாயத்திலும் இல்லை.

ஹெப்சிபா சிஸ்டர் ஆறாம் கட்டிலில்
யாரோ ஒருவரின் மார்பை அழுத்திக்கொண்டிருந்தார்.
டியூட்டி டாக்டரை நானே அழைத்தேன்.
குரல் நடுங்கியது. எண்கள் நடுங்கவில்லை.
நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு, குமட்டல், மஞ்சள்.
மஞ்சள் என்றதும்
அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது.
ஈ.சி.ஜி. எடு. பொட்டாசியத்துக்கு ரத்தம் எடு.
போன் வைக்கும் முன்பே படிக்கட்டில் செருப்புச் சத்தம்.

சார்ட்டில் ஆறு மணிக் கட்டத்துக்குள்
டிக் போடும் இடத்தில் ஒரு வட்டம்.
பக்கத்தில்: கொடுக்கப்படவில்லை. நாடி 48.
மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது.
இத்தனை நாள் எத்தனையோ கொடுத்திருக்கிறேன்;
சுருக்காமல் முழுப் பெயர் எழுதியது
இந்த ஒன்றுக்குத்தான்.

உள்ளே போனது உள்ளேதான் இருக்கிறது.
அதன் அரை ஆயுள் ஒன்றரை நாள்,
சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இன்னும் நீளும்.
முதலில் பாதி. பிறகு பாதியில் பாதி.
அவருடைய டியூப்லைட் எப்போது வெளுக்கும்
என்று யாரும் சொல்லவில்லை.
மானிட்டர் மாட்டினார்கள்.
"இதுல கிரிக்கெட்டு வருமா?" என்றார்.

எட்டரைக்குப் பழைய ஜெயில் ரோட்டுக்கு வந்தேன்.
ஸ்டாண்டு முழுக்க ஆட்டோ. அத்தனையும் மஞ்சள்.
ஒரு நொடி நின்றுவிட்டேன்.
தள்ளுவண்டியில் ஒருத்தி பாத்திரத்தைத் திறந்தாள்.
ஆவி விலகியது.
இட்டிலி. வெள்ளை.
நாலு குடுங்க, என்றேன்.