ஏழில் ஒன்று

நாற்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு டாலர்.
அந்தப் பன்னிரண்டை நான் விடுவதில்லை.
ஏரி உறைந்த மாதம் நடந்த மீன்பிடிப் போட்டியில்
ஒரு பையன் கையுறையைக் கவிழ்த்து
உண்டியலில் கொட்டியது அது,
சில்லறையும் கம்பளி நூலுமாக.

மார்ச். தண்டர் பே.
தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஹீட்டர் இருமுகிறது.
மேசைமேல் ஏழு விண்ணப்பங்கள்.
பணம் ஒன்றுக்குத்தான்.
ஏழையும் ஒரே நோய்தான் எழுதியிருக்கிறது,
ஏழு கையெழுத்தில்.

மதிப்பெண் முறையை டாக்டர் ஷார்போனோ விளக்குகிறார்:
ஒன்று என்றால் மிகச் சிறப்பு,
ஒன்பது என்றால் தள்ளிவிடலாம்.
தலைகீழாகப் படித்தவன் வகுத்த முறை என்கிறார் பெட்ராகிஸ்.
யாரும் சிரிக்கவில்லை. காபி இன்னும் இறங்கவில்லை.

மூன்றாம் எண் அழகு.
நோயாளியின் திசுவைக் கிள்ளி
கடுகளவு குடல்களைக் கிண்ணத்தில் வளர்க்கிறார்கள்.
மருந்தை முதலில் அது குடித்துப் பார்க்கும்,
பிறகுதான் மனிதர்.
பளபளக்கும் தாளில் படங்கள்:
ஊதாப் பூவாய் விரிந்த கட்டி.
இதற்கு எதற்கு இத்தனை அழகு?

ஆறாம் எண்ணில் படமே இல்லை.
வடக்கே, சாலை எட்டாத ஊர்களில்
மல மாதிரியை உறையிலிட்டுக் கொடுத்தால்
பனிமூட்டத்தில் விமானம் இறங்காமல்
ஒன்பது நாள், பத்து நாள் கிடக்கிறது.
கிடந்த மாதிரி
'ஒன்றுமில்லை' என்று பொய் சொல்கிறது.
அந்தப் பொய் எவ்வளவு பெரியது என்று
அளக்கப் பணம் கேட்கிறார்
டெல்லா மூனியாஸ் என்ற செவிலியர்.
செலவுப் பட்டியலில் ஒரு வரி: குளிர்பெட்டி, நான்கு.
இன்னொரு வரி: தபால்தலை.

"புதுமை போதாது," என்றார் பெட்ராகிஸ்.
நியாயம்தான்.
தபால்தலையை யாரோ ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இர்யா மவுனுலா அதுவரை வாய் திறக்கவில்லை.
அறக்கட்டளைக்கு அவள் கணவன் பெயர்.
ரெய்னோவின் லாரியை விற்றுத்தான்
முதல் காசோலையை எழுதினோம்.
மூன்றாம் எண்ணுக்கு அவள் ஒன்று போடுவாள்,
எல்லோருக்கும் தெரியும்.
அதில் சொல்லியிருக்கும் மரபணுப் பிழை
ரெய்னோவுக்கு இருந்த அதே பிழை.
அதே எழுத்து, அதே எண்.

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.
"விற்பதற்கு முன்னால் லாரியைக் கழுவினேன்.
டாஷ்போர்டுக்குள் ஓர் உறை.
அரசாங்கம் அனுப்பிய சோதனை உறை,
பிரிக்கவேயில்லை.
இரண்டு குளிர்காலம்
கெனோராவுக்கும் திரும்பவும்
அதை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான்.
மானம் போய்விடுமாம்.
தபால்காரி எங்கள் பக்கத்து வீடு."

யாரோ பேனா மூடியைத் திறந்து
மறுபடி மூடினார்கள்.

"மூன்றாம் எண் அவனைப் படுக்கையில் பார்த்திருக்கும்.
ஆறாம் எண் லாரியிலேயே."

அம்மா, ஆறாம் எண் வெட்கத்தைப் பற்றியதல்ல,
விமானத்தைப் பற்றியது
என்று நான் சொல்லியிருக்கலாம்.
நான் கணக்கு எழுதுகிறவன்.
எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆறு வென்றது.
புள்ளி நான்கு வித்தியாசம்;
இருமுறை கூட்டிப் பார்த்தேன்.

நாற்பத்தோராயிரத்து அறுநூறு வடக்கே போகிறது.
பன்னிரண்டில் ஆறு மறுப்புக் கடிதங்களுக்குத்
தபால்தலை போக, மிச்சம் நாலரை.

ஐந்து கடிதங்களை நான் எழுதினேன்.
'வருந்துகிறோம்' என்ற சொல்
ஐந்தாவதில் தேய்ந்துவிட்டது.
மூன்றாம் எண்ணுக்குரியதை இர்யா வாங்கிக்கொண்டாள்.
என்ன எழுதினாள் என்று கேட்கவில்லை.
இரண்டு பக்கம், மை அழுத்தி;
தாளின் பின்புறம் தடவினால் எழுத்து தெரிந்தது.

பெட்டியில் போடவில்லையாம்.
மறுநாள் காலை பனியில் காத்திருந்து
தபால்காரியின் கையிலேயே கொடுத்தாளாம்,
முகவரி மேலே தெரியும்படி,
முதல் வரியில் நோயின் பெயரோடு.