சொட்டுக் கணக்கு

வெள்ளிச் சந்தையில் கால் தினாருக்கு
ரெக்ஸன் வாங்கி வந்த சிடியில் இரண்டு கீறல்.
உறையில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல்.
மடிக்கணினியில் அதைப் போட வாயே இல்லை.
வாயை மட்டும் தனியாக விற்கிறார்கள், மூன்றரை தினார்.
கால் தினார் கப்பலுக்கு மூன்றரை தினார் துறைமுகமா என்றேன்.
சிரிக்கவில்லை அவன்.

முதல் வாரம் கணினி மறுத்தது.
இந்தச் செயலி இங்கே இயங்காது.
இக்காமா கவுண்டரில்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
முகம் நிமிர்த்தாமல் சொல்வார்களே, அந்தத் தொனி.
தாள் சரி. ஆளும் சரி.
இன்றைக்கு இல்லை.

இரண்டாம் வாரம் பொய் சொல்லக் கற்றான்.
வலது பொத்தான், பண்புகள், ஒரு சின்னக் கட்டத்தில் டிக்.
இது தொண்ணூற்றெட்டாம் வருஷம் என்று
கணினி சொல்ல, விளையாட்டு நம்பியது.
திறந்தது.
கடல் ரோஸ் கலரில் கிடந்தது.
மீன்களுக்குப் பதில் கறுப்புக் கட்டங்கள் நீந்தின.

மூன்றாம் வாரம் தூசிக் காற்று.
ஃபஹாஹீலில் எதிர்க் கட்டடம் தெரியவில்லை,
சுத்திகரிப்பு ஆலையின் நெருப்பு மட்டும்
ஊற்றிவிட்ட தேயிலைத் தண்ணீருக்குள் விளக்குப் போல.
ராத்திரி டூட்டி முடிந்து சீருடையோடு வந்து நிற்கிறேன்,
கண் இமையில் மணல்.
கணினிக்குள் இன்னொரு கணினியை,
கிழட்டுக் கணினி ஒன்றை, நடிக்க வைத்திருக்கிறான்.
கடல் நீலம். மீன் மீனாக இருந்தது.
"எளவு, பறக்குது பாரு" என்றான்.

அவன் விரல் வைப்பதற்குள்
டார்பிடோ வந்து, வெடித்து,
ஆட்டம் முடிந்தது என்ற எழுத்தும் வந்து
மறுபடி ஆரம்பப் படம்.
இதற்கென்று சொந்தமாகக் கடிகாரம் கிடையாதாம்.
சுமக்கிற எந்திரம் எவ்வளவு ஓடுமோ
அவ்வளவு ஓடுமாம்.
(எங்கள் வார்டில் அப்படிப் பாதிப் பேர்.)

அவன் எண்களைக் குத்துமதிப்பாக மாற்றிக்கொண்டிருந்தான்.
இருபதாயிரம், பறந்தது.
முந்நூறு, கப்பல் சிமென்டில் நின்றது.
குத்துமதிப்பு என்றால் எனக்கு ஆகாது.
நான்காம் கட்டில் லாரி டிரைவருக்கு
மணிக்கு ஐந்து மில்லி, நான்கரை, மறுபடி ஐந்து என்று
அவர் ரத்த அழுத்தத்தோடு பேரம் பேசி
விடிந்ததும் பகல் டூட்டி சிஸ்டர் கையில்
உயிரோடு ஒப்படைத்துவிட்டு வந்தவள் நான்.

நகரு என்றேன்.
நெஞ்சில் குத்தியிருந்த கடிகாரத்தைக் கழற்றி
திரையின் ஓரம் வைத்தேன்.
அங்கே ஆக்சிஜன் மானிக்குக் கீழே
ஒரு பொடி நொடிமுள் இருந்தது.
மூன்று வாரமாக அதை அவன் பார்க்கவேயில்லை.

குறை. இன்னும். நில்.
ஒரு இழை கூட்டு.
ஒரு நிமிஷம் எண்ணினேன், உதட்டசைவில்,
சொட்டு எண்ணுகிற மாதிரி.
அவன் மூச்சு விடாமல் இருந்தான்.
மூவாயிரத்து நூற்றிருபதில்
இரண்டு முள்ளும் சேர்ந்து நடந்தன.
எக்ஸ்சேஞ்சுக்காரன் கொடுத்த காலண்டரில்
அந்த எண்ணை எழுதிக் கோடு போட்டான்.

பிறகு விளையாடினான்.
இரண்டாம் கட்டத்தில் மூழ்கினான்.
அப்படியொன்றும் நல்ல விளையாட்டு இல்லை அது.
நான் ஒரு தடவை என்று உட்கார்ந்து
ஐந்தாம் கட்டம் வரை போய்விட்டேன்,
காலில் இன்னும் டூட்டி ஷூ.

சேமிக்கவா என்று கேட்டது.
ஆம்.
ஏ டிரைவில் ஃப்ளாப்பியைச் செருகவும்.

இருவரும் கணினியைச் சுற்றிலும் பார்த்தோம்,
எங்காவது ஒரு பிளவு இருக்குமோ என்று.
அதற்கும் ஒரு பொய் இருக்குமாம்,
அடுத்த வியாழன் கண்டுபிடிப்பானாம்.

அதுவரை மூடவில்லை.
நாற்பது பாகம் ஆழத்தில்
கப்பலை நிறுத்தி வைத்துவிட்டு,
வார்டிலிருந்து பையோடு வந்த பிளாஸ்டரைக் கிழித்து
திரைமேல் ஒட்டினேன்:
அணைக்காதே.
கீழே தேதி, நேரம், என் கையெழுத்து.