மூன்றாவது சிலிண்டர்

சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம்
என் வண்டி யாரும் தொடாமலே உறுமும்.
பிறகு தானே வெட்கப்பட்டுத் தணியும்.
பக்கத்துக் கார்க்காரர்கள்
நான்தான் முறுக்குகிறேன் என்று நினைப்பார்கள்.
ஐம்பத்து மூன்று வயதில்,
பகலெல்லாம் நகரப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு
இது தேவையா என்று.

எங்கோ திருட்டுக் காற்று புகுகிறது.
பிடிக்க ஒரு வழி உண்டு.
இன்ஜின் ஓடும்போதே
கார்புரேட்டர் கிளீனரை இணைப்பு இணைப்பாய்ப் பீய்ச்சிக்கொண்டு போனால்
பொய் சொல்லும் இடத்தில் குரல் மாறும்.
மாறியது.
மூன்றாவது சிலிண்டர். பின்வரிசை. உள்பக்கம்.
வேறெங்கே இருக்கும்.

வோருவில் ஏப்ரல் என்றால்
கராஜ் கதவோரம் இன்னும் அழுக்குப் பனி.
நான்கு கார்புரேட்டரும் ஒரே பாறையாய்
இரண்டு வரிசை சிலிண்டருக்கு நடுப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தன.
டயர் லீவரைக் கொடுத்து நெம்பி,
பேருந்தில் நான் பேசக்கூடாத வார்த்தைகள் எல்லாம் பேசி
கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதுபோல் பிடுங்கினேன்.
நான்கு வாயிலும் துணி அடைத்தேன்.

பழைய சீல்களை ரப்பர் என்று சொல்ல முடியாது.
நகம்போல் தட்டையாய், கறுப்பாய்,
வளைத்தால் ஒடிந்தன.
மூன்று புதியவை
மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஏறிவிட்டன.

மிச்சம் ஒன்று.
வளையத்தை அதன் பள்ளத்தில் ஒரு விரல் அழுத்தவேண்டும்,
அதன்மேல் குழாயை இன்னொன்று தாங்கவேண்டும்,
போல்ட்டை இரண்டு விரல் கண்மூடித் திருப்பவேண்டும்.
என் ஐந்து விரலும்
கடைசி வண்டியின் வாசலில் பயணிகள்போல்
ஒன்றாய் நெருக்கி அடைத்துக்கொண்டு நின்றன.
நுனிக்கு எட்டும். பிடிக்கு எட்டாது.
ஒரு வாஷர் நழுவி
எங்கோ கீழே கிணுங்கியது.
காந்தக் கம்பி விட்டுத் துழாவினேன்.
அலுமினியம். காந்தத்தை அது மதிப்பதில்லை.

அடுத்த கராஜில் எண்டெல்
படகுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தான்.
மர ஆலை ரம்பம்
அவன் வலக்கையில் நடுவிரலையும் மோதிர விரலையும்
அடியோடு கொண்டுபோய் ஒன்பது வருஷம்.
மோதிரத்தை மரத்தூளில் யாரோ தேடிக் கொடுத்தார்கள்.
அது இப்போது இடக்கையில்.

சுத்தியல் இரவல் கேட்கலாம். ஏணி கேட்கலாம்.
இல்லாத விரல்களை எப்படிக் கேட்பது?

நீள மூக்குக் குறடு இருக்கிறதா என்று கேட்டேன்.
என் மேஜைமேல் என் குறடு கிடந்தது.
எண்டெல் வந்தான், குறட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
சட்டைக் கையை மடித்துக்கொண்டே
“எந்தப் பக்கம்?” என்றான்.

அந்தக் கை
தெரிந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழைந்தது.
“வெளிச்சம். இடப்பக்கம்.
உன் இடம் இல்லை, என் இடம்.”
கிரீஸ் தடவிய வளையத்தைப் பள்ளத்தில் உட்காரவைத்து
சுண்டுவிரலால் அழுத்திக்கொண்டு
போல்ட்டை உருட்டினான்.
மரை பிடித்த சத்தம் எனக்கும் கேட்டது.
“சுண்டுவிரலையும் எடுத்திருந்தா
இன்னும் சுலபம்” என்றான்.
சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள்
அவனே சிரித்துவிட்டான். டார்ச் ஆடியது.
ஆட்டாதே என்று திட்டினான்.

இருட்டுவதற்குள் ஸ்டார்ட் செய்தோம்.
ஆயிரத்து நூறில் முள் நின்றது.
எண்டெல் காது கொடுத்துக் கேட்டுவிட்டு
ஒன்றும் சொல்லாமல் படகுக்குப் போனான்.

மறுநாள், நன்றிக்கு ஏதாவது என்று
கடையில் தோல் கையுறை ஒன்றைக் கையில் எடுத்து,
விலை பார்த்து, அளவு பார்த்து,
சட்டென்று முகம் சூடாகி
திரும்ப வைத்துவிட்டு
புகைத்த மீன் வாங்கினேன்.

சிவப்பு விளக்கில் வண்டி இப்போது பேசாமல் நிற்கிறது.
அந்த அமைதி பழகாமல்
நான்தான் முறுக்கிப் பார்க்கிறேன்.
தார்த்து சாலையின் குழிகளில் மட்டும்
பள்ளத்தில் எங்கோ
அந்த வாஷர்.