ஹார்மனி சாலையின் இரு பக்கம்

சாலைக்கு வடக்கே அவன் அலுவலகம்.
தெற்கே என்னுடையது.
நடுவில் ஆறு தடம், ஒரு சிக்னல்,
இறைச்சியைப் புகையில் வாட்டும் ஒரு கடை.
மதியம் அங்கே ஆரஞ்சு அட்டைகளும் நீல அட்டைகளும்
ஒரே வரிசையில் தட்டேந்தி நிற்கும்.
வேலை எப்படிப் போகிறது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.
வானிலை பேசுவார்கள்.
ஃபோர்ட் காலின்ஸில் அதற்குப் பஞ்சமில்லை.

நானும் தணிகைவேலும் ஏழு வருடம்
வானிலை பேசினோம்.

அவர்கள் ஒரு பலகையில் நான்கு செயலி பூட்டினால்
நாங்கள் எட்டு.
அவர்கள் விலையைக் குறைத்தால்
நாங்கள் வரைபடம் போட்டோம், ஆளுயரத்துக்கு.
எங்கள் வரைபடத்தில் அச்சு தொண்ணூறில் தொடங்கும்.
அவர்களுடையதிலும்.

என் வேலை இதுதான்:
எட்டு மூளை, ஒரே நினைவகம்.
ஒன்று ஓர் எண்ணை மாற்றுமுன்
மற்ற ஏழிடமும் கேட்க வேண்டும்,
இதன் நகல் உங்களில் யாரிடமாவது இருக்கிறதா,
இருந்தால் அழித்துவிடுங்கள்.
ஏழு பதிலும் வந்த பிறகே கை வைக்கலாம்.
கேட்காமல் மாற்றினால்
ஒரே பணத்தை இருவர் எடுப்பார்கள்,
ஒரே இருக்கைக்கு இருவர் பெட்டியோடு வந்து நிற்பார்கள்.
அந்தக் கேள்வி போய்ப் பதில் திரும்பும்
சில நூறு நானோநொடிக்குள்தான்
மொத்தச் சந்தையும் இருந்தது.

வீட்டில் மூளை இரண்டே.
கேட்கத்தான் தடை.
கையெழுத்துப் போட்டிருந்தோம்,
வெவ்வேறு வக்கீல் முன்னால்.
அவன் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் போன் பேசுவான்.
நான் காரில், கண்ணாடியை ஏற்றிவிட்டு.
ஒரே மாலையில் இரண்டு பேரும் பால் வாங்கி வருவோம்.
ஒரு மார்ச்சில் மின்கட்டணத்தை இருமுறை கட்டினோம்,
தண்ணீருக்கு யாருமே கட்டவில்லை.

அக்டோபர், முதல் பனி.
மூன்று மணிக்கு மேசன் தெரு ரயில்
தெரு நடுவே கூவிக்கொண்டு போய் மறைந்த பிறகும்
ஒரு சீட்டிச் சத்தம் மிச்சமிருந்தது.
அடுக்களையிலிருந்து.
தணிகைவேல் கோட்டைக் கழற்றாமல்
தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான்.
மெட்டு என்று எதுவுமில்லை,
ஆனால் ஏழு வருடத்தில் அவன் சீட்டியடித்துக் கேட்டதில்லை.

அவர்கள் சில்லு வந்துவிட்டது.
ஓடவும் செய்கிறது.

திங்களன்று க்ரெட்சன் மேசையைச் சுற்றிக் கேட்டாள்:
"எதிர்ப்பக்கம் எப்போது இறங்குவார்கள்? அடுத்த கோடையா?"
டுவைன் தலையாட்டினான்.
எல்லாரும் ஆட்டினார்கள்.
வக்கீல் தாளில் சீட்டியைப் பற்றி ஒரு வரியும் இல்லை,
மனதுக்குள் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன்.
அது அவர்கள் ரகசியமா, என் வீட்டுச் சத்தமா?
"தெரியாது" என்றேன்.
கோடை என்று பலகையில் எழுதினாள்,
விலையை அப்படியே விட்டார்கள்.

ஜனவரியில் அவர்கள் இறங்கினார்கள்.
பிப்ரவரியில் எங்கள் பெரிய வாடிக்கையாளர்,
ஒமாஹாவின் ஒரு காப்பீட்டுக்காரர்,
தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினார்.
ஏப்ரலில் இருநூற்று நாற்பது மேசை காலி.
டுவைன் தன் காபிக் கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்,
மகளின் பள்ளிப் படம் ஒட்டியது.
பாய்சியில் இப்போது வீடு விற்கிறானாம்.

இலையுதிர் காலத்தில் நான் சாலையைக் கடந்தேன்.
நேர்காணல் நாற்பது நிமிடம்,
எட்டு மூளையைப் பற்றித்தான்.
இப்போது என் கழுத்திலும் ஆரஞ்சு அட்டை.
தடை எதுவும் கிடையாது, சாப்பாட்டு மேசையில்
நினைவகம், வேகம், பூச்சி எது வேண்டுமானாலும் பேசலாம்.
"ஆலங்கட்டி பெய்யுமாம்," என்கிறான்.
"காரை உள்ளே விடு," என்கிறேன்.
குளிர்பெட்டியில் பால் இரண்டு கேலன்.

அவனுக்குத் தெரியாது,
அந்த ராத்திரிச் சீட்டியின் நகல்
என்னிடம் இருக்கிறதென்று.
அழித்துவிடு என்று
யாரும் இன்னும் கேட்கவில்லை.