எழுத்துக்கு மூன்று வெள்ளி

நகராண்மைக் கழகத்துக் கடிதத்தை
ஈரக் கையோடு நீட்டினாள் நாகரத்தினம்.
பெயர்ப்பலகை இல்லாத கடைக்கு
நூற்றைம்பது வெள்ளி அபராதம்.

கடை என்றால்,
பீடோங் பேருந்து நிற்குமிடத்தில் ஒரு மடக்கு மேசை,
ஐஸ் போட்ட மீன்பெட்டிக்குள் சாமந்தியும் சம்பங்கியும்,
செம்பனைக் குலை லாரி போகும்போதெல்லாம்
ஒருமுறை தலையாட்டும் பெரிய குடை.

மலாய் பெரிதாக இருக்க வேண்டும்,
தமிழ் அதற்குக் கீழே, சின்னதாக.
இருபது வருடமாய்ப் பலகை எழுதுகிறவனுக்குச்
சட்டம் மனப்பாடம்.
எழுத்துக்கு மூன்று வெள்ளி.
கொம்புக்கும் காலுக்கும் தனியாக வாங்குவதில்லை.

மலாயில் புஙா. ஐந்தெழுத்து, பதினைந்து வெள்ளி.
அதையே தமிழில் எழுதிப் பார்த்தேன்:
முதல் வகுப்பில் படித்து முடித்து
வேலையில்லாமல் திரிந்த ங
இந்த நாட்டுக்கு வந்துதான் பிழைத்திருக்கிறது.

கீழே என்ன போட?
"பூக்காரி" என்றேன்.
"அப்போ நீ பலகைக்காரனா?
வெளியே ஆர்ட்ஸ்னு போட்டிருக்கியே.
பூக்காரி மகன்னு சொல்லித்தான்
பள்ளிக்கூடத்துல என் பையனைச் சண்டைக்கு இழுக்கிறானுங்க."

பூ வணிகர்?
"யாரது, மீசை வச்ச ஆளா?"
மலர் அங்காடி?
விரல்விட்டு எண்ணினாள். "இருபத்தொரு வெள்ளியா!"

அட்டை போன அகராதியை எடுத்தேன்.
தின்னர் வாடைக்குள்ளிருந்து
பூவிலைப்பெண்டு எழுந்து வந்தாள்: பூ விற்கும் பெண்.
அதற்கு மேலே 'பூவிலை' என்று ஒரு வரி.
அதன் பொருளைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டேன்.

"என்ன அங்கே?"
"அச்சுப் பிழை."

காம்பை விலக்குவதுபோல் என் விரலை விலக்கிவிட்டு
எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
பூவுக்குச் சொன்ன விலையை
விற்றவளின் உடம்புக்கு யாரோ மாற்றி வைத்திருந்தார்கள்.
"படிச்சவனுங்க எழுதினதா?" என்றாள்.
"அதான்."

மலாய் வரி காய்வதற்குள்
ஆ கெங்கின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.
வெள்ளிக்கிழமை தவறாதவன்.
தோட்டத்து லயத்தைக் காலி செய்யச் சொன்ன மாதம்
வாடகை வீட்டு முன்பணத்துக்கு வாங்கிய மூவாயிரம்
இன்னும் மூவாயிரமாகவே இருக்கிறது.

"புஙா, அக்கா" என்று கை நீட்டினான்.
பூ கேட்கவில்லை.
மலாயில் வட்டிக்கும் அதுதான் பெயர்.
கடன் பூக்கும்போலிருக்கிறது.

பலகையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்:
"நீயும் வட்டி விக்கிறியா?"
"விக்கிறேன். வாங்குறவன் நீ ஒருத்தன்தான்."
ஈர நோட்டுகளைச் சட்டையில் துடைத்து
இரண்டு முறை எண்ணிக்கொண்டு போனான்.

சும்மா இருக்க முடியாமல்
வகர வரிசைக்குப் போனேன்.
வட்டி: ஓலைக்கூடை, பூ இடுவது.
"முன்னாடியெல்லாம் வட்டின்னா பூக்கூடையாம்" என்றேன்.

மீன்பெட்டியில் ஐஸ் உருகுவதையே பார்த்திருந்தாள்.
"அப்போ
காலியானதும் கையில மாட்டிக்கிட்டு
வீட்டுக்குப் போயிருப்பாங்க."

பிறகு அவளே சொன்னாள்:
"பூன்னு மட்டும் போடு.
யார் விக்கிறாங்கன்னு
வந்து பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும்."

ஒரே எழுத்து.
கீழே இறங்கிய சுழியை
சட்டம் விட்ட அளவுக்கு,
அதற்கு மேலும் ஒரு மயிரிழைக்கு
இழுத்து விட்டேன்.

பதினைந்து வெள்ளி கொடுத்தாள்.
மலாய்க்குச் சரியாகிவிட்டது.
பூவுக்குக் கடன்.
"வர்ற வெள்ளிக்கிழமை தரேன்" என்றாள்.

வெள்ளி வேண்டாம் என்றேன்.
சனிக்கிழமை.