நாற்பது கைகள்

ரோவெரெல்லாவில் கைதட்டலுக்கு விலை உண்டு.
முன்வரிசையில் தட்டினால் இரண்டு காசு,
"ப்ராவோ" என்று கத்தினால் மூன்று,
கண்ணீர் வேண்டுமென்றால்
கைக்குட்டைச் செலவு தனி.

அத்ரியாட்டிக் கரையில் உப்பு ஏற்றும் ஊர்.
ஓபெரா அரங்கு ஒன்று, மீன் சந்தை ஒன்று,
இரண்டுக்கும் இடையில் ஒரே ஒரு சுவர்.
1871, குளிர்காலம்.
கைதட்டிகளின் தலைவன் நத்தாலே புஸ்கெட்
கூலியை உயர்த்து என்றான்.
உள்ளங்கை சிவந்தால் மருந்துப் படி,
பாடகர் மோசமென்றால் இரட்டைக் கூலி.
முதலாளி மறுத்தார்.
கைகள் பைக்குள் போயின.

அந்த வாரம்
கதாநாயகி உச்சஸ்தாயியைத் தொட்டு, நிறுத்தி,
கண்மூடிக் காத்திருந்தாள்.
சுவருக்கு அப்பாலிருந்து பதில் வந்தது:
"மத்தி, கூடை ஒன்பது!"

கையுறை தைக்கும் செல்மீராவுக்கு
அரங்கு வைத்திருந்த பாக்கி பதினோரு மாதம்.
அரசிகளின் முழங்கை உறைகள்,
பிசாசுகளின் கறுப்பு உறைகள்,
ஒரு கொலைகாரனுக்கு மட்டும் ஆறு ஜோடி
(இரத்தச் சாயம் போவதில்லை).
பாக்கி கேட்கப் போனவள்
ஒரு யோசனையைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆட்டுத்தோல் கைகள் இருபது ஜோடி,
உள்ளே தவிடு, விரல்களில் திமிங்கில எலும்பு,
தையல் இயந்திரத்தின் மிதிபலகை,
ஆலை கழித்துப்போட்ட பல்சக்கரம்.
கைப்பிடியை மெல்லச் சுற்றினால் மரியாதை.
வேகமாகச் சுற்றினால் பரவசம்.

ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்கள்.
தவிட்டுக் கை நாற்பது தட்டியும் வரவில்லை.
பொத்து பொத்தென்று
யாரோ மெத்தையை அடிப்பது போல.
தவிட்டைக் கொட்டி, உலர்ந்த பட்டாணி போட்டாள்.
மழை.
தகரக் கூரைமேல் மழை.
பட்டாணியையும் கொட்டி,
தோலைத் தேன்மெழுகில் ஊறவைத்து,
காற்றை மட்டும் அடைத்து வாயைத் தைத்தாள்.
அன்றிரவு பக்கத்து வீட்டு ரொட்டிக்காரர்
மாவுக் கையோடு வாசலுக்கு வந்து
தெருவைப் பார்த்து வணங்கிவிட்டு உள்ளே போனார்.

சனிக்கிழமை. சைப்ரஸ் மன்னனாக எவாரிஸ்தோ.
பெருத்த உடம்பு, சிறுத்த குரல்.
மூன்றாம் அங்கத்தில் நஞ்சு குடித்தான்,
முறைப்படி தள்ளாடினான்,
நீண்ட சுரம் ஒன்றில் உயிரை விட்டான்.
மேல்மாடத் திரைக்குப் பின்னால்
செல்மீரா கைப்பிடியைச் சுற்றினாள்.

பிணம் எழுந்து வணங்கியது.
கைப்பிடியை விட்டாள்.
பல்சக்கரம் விடவில்லை.
பிணம் மறுபடி வணங்கியது.
வாத்தியக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்து
நஞ்சுப் பாட்டை முதலிலிருந்து எடுத்தார்கள்.
மன்னன் குடித்தான். செத்தான். எழுந்தான்.
ஐந்தாவது சாவில் குரல் உடைந்தது.
ஆறாவதில் தள்ளாடியது நடிப்பில்லை.
ஏழாவது முறை
பாட்டை விட்டுவிட்டு, வெறும் வாயால்,
"என்னைச் சாக விடுங்கள்" என்றான்.

அன்றுதான் ரோவெரெல்லா
கூலி வாங்காமல் அழுதது.
கடைசி வரிசையில் ஒளிந்திருந்த நத்தாலே
பையிலிருந்து கைகளை எடுத்து,
அரைநொடி காற்றில் வைத்துப் பார்த்து,
மறுபடி உள்ளே போட்டுக்கொண்டான்.

காப்புரிமை அலுவலகம் வசந்தத்தில் எழுதியது:
"இயந்திரம் பாராட்டும் என்பதை ஏற்கிறோம்.
எதை என்பதை விண்ணப்பம் விளக்கவில்லை."
செல்மீரா விளக்கவில்லை.
இயந்திரத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் விற்று
பதினோரு மாதப் பாக்கியைக் கழித்துக்கொண்டாள்.

கடற்பறவைகளை விரட்ட வாங்கினார்கள்.
முதல் வாரம் பறவைகள் பறந்தோடின.
இரண்டாம் வாரம் திரும்பின.
ஆளுக்கொரு மத்தியைக் கவ்விக்கொண்டு
கூரை விளிம்பில் வந்து நின்று,
மார்பை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி,
யாராவது கைப்பிடியைச் சுற்றும்வரை
விழுங்காமல் காத்திருந்தன.